காணாது

பதினாறு வருடங்களாக நான் செய்துவரும் வேலை, மற்றவர்கள் சேர்த்துக்கொண்டு வரும் தரவுகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது. நூற்றுக்கும் அதிகமான அறிக்கைகள் எழுதியிருப்பேன். ஒன்றைத் தவிர எதையும் திரும்ப எடுத்துப் படிக்க எனக்குத் தயக்கமில்லை. அந்த ஒன்றின் ஏழாவது பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. 'இரண்டு குழுக்களுக்கும் இடையில் வேறுபாடு எதுவும் இல்லை.' எழுதியவன் நான்தான். அந்த நேரம் அது எனக்கு நல்ல, சுத்தமான வாக்கியமாகத்தான் தெரிந்தது.

ஸ்காபரோவில் இயங்கிய ஒரு சமூக நிறுவனம் எங்களுடைய முதியவர்களுக்காக ஒரு வான் விட்டது. வாரத்தில் இரண்டு நாள், காலை பத்து மணிக்கு வீட்டு வாசலுக்கு வரும். ஏற்றிக்கொண்டுபோய் ஒரு மண்டபத்தில் இறக்கும். அங்கே ரீயும் வடையும் கிடைக்கும், கொஞ்சம் உடற்பயிற்சி, நிறைய ஊர்க்கதை. மூன்று மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். பிள்ளைகள் இரண்டு வேலைக்குப் போகும் வீடுகளில், பனிக்காலத்தில் யன்னலடியில் இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த வான் என்ன என்று இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பணம் கொடுத்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. இந்த வானால் பயன் உண்டா?

பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். வானில் இடம் ஒன்பது பேருக்குத்தான். சீட்டுக் குலுக்கி ஒன்பது பேரை முதலில் எடுத்தார்கள். மற்ற ஒன்பது பேர் ஆறு மாதம் காத்திருந்தார்கள். ஆறு மாத முடிவில் இரண்டு தொண்டர்கள் பதினெட்டு வீட்டுக்கும் போய்க் கேட்டார்கள். 'வீட்டுக்கு வெளியில் உள்ளவர்களில் போன கிழமை யார் யாருடன் கதைத்தீர்கள்? அவர்களில் யாருக்கு யாரைத் தெரியும்?' முதல் கேள்விக்கு வந்த பெயர்களை ஒரு தாளில் புள்ளிகளாக வைத்து, இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்களைக் கோடுகளாக இழுத்தால் ஒரு மனிதருடைய வலையமைப்பு கிடைக்கும். என் மேசைக்குப் பதினெட்டுத் தாள்கள் வந்தன. சிலருடைய தாள் சிலந்திவலைபோல நெருக்கமாக இருந்தது. ஒருவருடைய தாளில் இரண்டே புள்ளிகள். இரண்டுக்கும் நடுவில் கோடு இல்லை.

இந்தக் கேள்வி ரொறன்ரோவுக்குப் புதிதல்ல. 1968இல், கிழக்கு யோர்க் தனி நகராட்சியாக இருந்த காலத்தில், அங்கே 845 பேரிடம் ஒரு கருத்தாய்வு நடந்தது. வீட்டுக்கு வெளியே உங்களுக்கு மிக நெருக்கமானவர்கள் யார் என்று ஆறு பேர்வரை கேட்டார்கள். அந்தத் தரவை வைத்து பரி வெல்மன் என்ற சமூகவியலாளர் 1979இல் எழுதிய கட்டுரை, வலையமைப்பு ஆய்வில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. நகர வாழ்க்கை உறவுகளை அழித்துவிட்டது என்பதும் சரியில்லை, உறவெல்லாம் அயலிலேயே இருக்கிறது என்பதும் சரியில்லை என்று அவர் காட்டினார். மக்களுக்கு நெருக்கமானவர்கள் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் அடுத்த வீட்டில் இல்லை. பெருநகரம் முழுக்கச் சிதறி இருந்தார்கள். காரும் தொலைபேசியும்தான் அந்த உறவுகளைக் கட்டிவைத்திருந்தன.

கார் ஓடத் தெரியாத, ஆங்கிலம் பேச வராத ஒரு அம்மாவை அந்தப் படத்துக்குள் வைத்துப் பார்த்தால் வான் ஏன் தேவை என்று விளங்கும். எனக்கும் விளங்கியது. ஆனால் என் வேலை விளங்குவது அல்ல, சோதிப்பது.

சோதனை செய்த விதத்தைச் சொல்ல முந்நூற்றிநாலை இழுக்க வேண்டும். எங்களுடைய ஆட்கள் கூடும் நிலக்கீழ் அறைகளில் அந்த விளையாட்டு இன்னும் சாகவில்லை. 32 காட்ஸ். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகையில் 76 புள்ளி, நான்கு வகைக்கும் சேர்த்து 304. அப்பாவின் சோடிக்கு ஒருநாள் நான்கு ஜாக்கும் வந்துவிட்டன. எதிர்ச்சோடி கத்தத் தொடங்கியது. 'கள்ளமாக் கலக்கிப்போட்டியள்.' அப்பா சொன்னார்: 'நீங்களே ஆயிரம் தரம் கலக்கிப் பிரிச்சுப் பாருங்கோ. எத்தினை தரம் இப்பிடி வருது எண்டு எண்ணுங்கோ. பிறகு வந்து என்னைக் கள்ளன் எண்டு சொல்லுங்கோ.'

அப்பா பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவர் சொன்னதுதான் வரிசைமாற்றச் சோதனை. பதினெட்டுத் தாள்களையும் பதினெட்டுக் காட்ஸ் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் அந்த மனிதர் சொன்ன பெயர்களின் எண்ணிக்கை இருக்கிறது. வானால் எந்தப் பயனும் இல்லை என்றால், எந்தத் தாள் வான் குழு, எந்தத் தாள் காத்திருந்த குழு என்பது வெறும் சீட்டுக்குலுக்கல். அப்படியானால் கலக்கி, ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, இரண்டு குவியல்களின் சராசரி வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளலாம். திரும்பக் கலக்கலாம். பதினெட்டை ஒன்பது ஒன்பதாகப் பிரிக்க 48,620 வழிகள் உண்டு. உண்மையில் கிடைத்த வித்தியாசம் அவற்றுள் அபூர்வமானதாக இருந்தால், நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்தால், இது வெறும் குலுக்கல் அல்ல என்று சொல்கிறோம்.

இதன் வேரும் ஒரு தேநீர்க் கோப்பைக்குள்தான் இருக்கிறது. கோப்பைக்குள் முதலில் விட்டது பாலா தேநீரா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு இங்கிலாந்துப் பெண்மணி. எட்டுக் கோப்பைகள் வைத்து அவரைச் சோதிக்கும் முறையை ஆர். ஏ. ஃபிஷர் 1935இல் தன் நூலில் எழுதினார். எட்டில் நான்கைத் தெரிவுசெய்ய 70 வழிகள். எல்லாம் சரியாகச் சொன்னால் அது எழுபதில் ஒரு தற்செயல். ஆறு கோப்பைகளே வைத்திருந்தால் 20 வழிகள்தான். அவர் ஒன்றுமே பிசகாமல் சொன்னாலும் இருபதில் ஒன்று. கோப்பைகள் குறையக் குறைய, உண்மையிலேயே நாக்குள்ள ஒருவர்கூட அதை நிரூபிக்க முடியாமல் போகும். இந்த இடத்தை நான் பல்கலைக்கழகத்தில் படித்துச் சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

வான் குழு ஒன்பது பேரும் சொன்ன பெயர்கள் மொத்தம் 63. காத்திருந்தவர்கள் சொன்னவை 50. ஆளுக்கு ஏழு என்றும் ஐந்தரை என்றும் வைக்கலாம். கலக்கிப் பார்த்தபோது, நூற்றுக்கு 32 தடவை அவ்வளவோ அதைவிடக் கூடவோ வித்தியாசம் தானாகவே வந்தது. கோடுகளின் நெருக்கத்தையும் அப்படியே சோதித்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. ஏழாம் பக்கத்தில் அந்த வாக்கியத்தை எழுதி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் வான் நின்றது.

அந்த வானில் போய்வந்தவர்களில் ஒருவர் சுழிபுரத்து அன்ரி. எண்பதுகளின் கடைசியில் நாங்கள் சென்ற் ஜேம்ஸ் ரவுணில் ஒரே மாடியில் இருந்தோம். லிப்ற் பழுதான நாட்களில் அம்மாவும் அவரும் அரிசி மூட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு படியேறியதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவர்கள் மகனுடன் ஒரு பக்கம் போக, நாங்கள் மோர்னிங்சைட் பக்கம் வந்துவிட்டோம். வான் நின்றதை அம்மாவுக்குச் சொன்னவர் அவர்தான்.

'ஆரோ கணக்குப் பாத்து, பிரியோசனமில்லையெண்டு எழுதிப்போட்டாங்களாம்' என்றார் அம்மா, இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டு. அந்த ஆரோ நான்தான் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.

அடுத்த மாசியில் ஊரிலிருந்து ஒரு கடிதத்தின் படம் வட்ஸ்அப்பில் வந்தது. அம்மாவின் கடைசித் தம்பியைப் பற்றியது. 1996இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் காணாமற்போனார்கள். மாமாவும் அவர்களில் ஒருவர். காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவர். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விசாரணைக்கும் அம்மாவின் அக்கா போய்ச் சாட்சி சொன்னார், படிவம் நிரப்பினார், படம் கொடுத்தார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

'அவரைப் பற்றி ஒண்டும் இல்லையாம் அம்மா.'

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தார். 'தம்பி, வடிவா வாசி. இல்லையெண்டே எழுதியிருக்கு, காணேல்லையெண்டே எழுதியிருக்கு?'

திரும்ப வாசித்தேன். தங்களுடைய பதிவுகளில் தகவல் எதையும் காணவில்லை என்றுதான் இருந்தது.

'அப்ப அப்பிடிச் சொல்லு. இல்லையெண்டுறது வேற, காணேல்லையெண்டுறது வேற. எத்தினை பேர் தேடினவையாம்? எங்கயெங்க தேடினவையாம்? ஒரு லாச்சியைத் திறந்து பாத்திட்டு இல்லையெண்டு சொல்லேலாதெல்லே.'

நான் பதில் சொல்லவில்லை. அம்மா ரீ ஊற்றினார். ஒரு வாய் குடித்துவிட்டுத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். 'சீனி காணாது.'

எங்களுடைய பேச்சில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. காணும் என்றால் போதும். காணாது என்றால் போதாது. கண்ணால் காணாததும் காணாததுதான். பாத்திரத்தில் குறைவதையும் பார்வைக்கு அகப்படாததையும் ஒரே சொல்லால் சொல்லிக்கொண்டு நாங்கள் நூற்றாண்டுகளாகப் புழங்கியிருக்கிறோம். எனக்கு அந்த மேசையில் இருந்தபடியே ஏழாம் பக்கம் ஞாபகம் வந்தது. பதினெட்டுப் பேர் காணாது. ஆகையால் அந்தச் சோதனை காணாது.

புள்ளிவிபரவியலில் இதற்குப் பெயர் சோதனையின் வலு. வித்தியாசம் உண்மையிலேயே இருக்கும்போது, அதைச் சோதனை கண்டுபிடிக்கும் நிகழ்தகவு. நெய்மனும் எகன் பியர்சனும் 1930களில் இந்தக் கருத்தை உருவாக்கினார்கள். 1962இல் ஜேக்கப் கோஹென் என்ற உளவியலாளர் ஒரு பிரபல சஞ்சிகையின் ஒரு வருடத்துக் கட்டுரைகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார். நடுத்தர அளவான ஒரு விளைவை அந்த ஆய்வுகள் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சராசரியாகப் பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. காசைச் சுண்டியிருந்தால்கூட அதைவிடக் கூடுதலாகக் கண்டுபிடித்திருக்கலாம். நூற்றுக்கு 80 என்ற வலுவாவது வேண்டும் என்ற வழக்கம் அவருக்குப் பிறகு வந்தது. இவையெல்லாம் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். ஒன்பது ஒன்பது பேர் என்று தாள்கள் மேசைக்கு வந்தபோது மட்டும் கேட்கவில்லை.

அன்றிரவு மடிக்கணினியைத் திறந்தேன். சாதாரணச் சராசரிகளுக்கு வலுவைக் கணிக்கச் சூத்திரம் உண்டு. வலையமைப்புகளைக் கலக்கிப் பார்க்கும் சோதனைக்கு அப்படி எழுதிவைத்த சூத்திரம் கைக்கு எட்டுவதில்லை. பொய்யாக உலகம் செய்து பார்ப்பதுதான் வழி. வான் உதவிய ஒரு உலகத்தைக் கணினிக்குள் உண்டாக்க வேண்டும். அதில் பதினெட்டுப் பொய் முதியவர்கள், அவர்களுக்குப் பொய்ப் பெயர்கள், கோடுகள். அந்தத் தரவை என் சோதனையிடம் கொடுத்து, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். இப்படி ஆயிரம் உலகங்கள். ஆயிரத்தில் எத்தனை தரம் தெரிகிறது என்று எண்ணினால் அதுவே வலுவின் மதிப்பீடு.

ஆனால் வான் எவ்வளவு உதவியதாக வைப்பது? எனக்குக் கிடைத்த ஒன்றரைப் பேர் வித்தியாசத்தையே போடுவது சுலபம். அது தவறு. கிடைத்த முடிவையே திரும்பக் கேள்வியாகப் போட்டால், முன்னர் வந்த விடையேதான் வேறு சட்டையுடன் வரும். எவ்வளவு இருந்தால் ஒருவருடைய வாழ்க்கைக்கு அது பெரிது என்று தரவுக்கு வெளியே தீர்மானிக்க வேண்டும். அம்மா இன்னும் நித்திரைக்குப் போகவில்லை. போய்க் கேட்டேன்.

'அம்மா, கதைக்கிறதுக்குப் புதுசா எத்தினை பேர் இருந்தா உங்களுக்குக் காணும்?'

ஏன் என்று கேட்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார். 'ரெண்டு பேர் காணும். ஒருத்தி வராட்டி மற்றவள் வருவாள்.'

இரண்டு என்று போட்டேன். ஆளுக்காள் உள்ள ஏற்றத்தாழ்வைத் தாள்களிலிருந்து எடுத்தேன். நியம விலகல் ஏறக்குறைய மூன்று. ஒவ்வொரு பொய் உலகத்திலும் 999 தடவை கலக்க வேண்டும். மொத்தம் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான கலக்கல்கள். கணினியை ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் திரையில் ஒரு எண் நின்றது. 261.

ஆயிரம் உலகங்களிலும் வான் ஒவ்வொரு முதியவருக்கும் சராசரியாக இரண்டு பேரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. நானே வைத்த வித்தியாசம். ஆனால் 261 உலகங்களில் மட்டும் என் சோதனை அதைக் கண்டது. மற்ற 739இலும் ஏழாம் பக்கத்தில் அதே வாக்கியம்தான் வந்திருக்கும். இந்த எண்ணும் மதிப்பீடுதான். இன்னொரு ஆயிரம் உலகம் ஓடவிட்டால் இருபத்தைந்தோ இருபத்தெட்டோ வீதம் என்று வரலாம். எப்படி வந்தாலும் நான்கில் ஒன்றுதான். வலு 80 வீதம் ஆக, ஒரு குழுவில் ஏறக்குறைய 36 பேர் வேண்டியிருந்தது.

எனக்கு ஒரு குறுக்குவழியும் தோன்றியது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினெட்டுத் தாளிலும் உள்ள பெயர்களைச் சோடி சோடியாக எடுத்தால் முந்நூறுக்கு மேல் வரும். ஒவ்வொரு சோடியையும் ஒரு காட் என்று கலக்கினால் கட்டு பெரிதாகிவிடும், வலு ஏறும். ஏறுவது பொய். ஒருவருடைய தாளில் உள்ளவர்கள் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், ஒரே ஊர்க்காரர், ஒருவரையொருவர் அறிமுகப்படுத்தியவர்கள். அந்தக் கோடுகளைப் பிய்த்துத் தனித்தனியாகக் கலக்கினால், குலுக்கலில் ஒருபோதும் நடக்காத ஒன்றைச் செய்கிறோம். குலுக்கியது மனிதர்களை. ஆகவே கலக்க வேண்டியதும் மனிதர்களை, அவர்களுடைய உறவுகள் முழுவதுடனும். பதினெட்டு என்றால் பதினெட்டுத்தான்.

செய்திருக்கக்கூடிய நேர்மையான வழி ஒன்று இருந்தது. வான் ஓடத் தொடங்குமுன் அதே பதினெட்டு வீட்டுக்கும் ஒருதரம் போய் அதே கேள்விகளைக் கேட்டிருக்கலாம். ஆளுக்காள் உள்ள ஏற்றத்தாழ்வில் ஒரு பகுதி கழிந்துபோயிருக்கும், சோதனையின் கண் இன்னும் கொஞ்சம் தெளிந்திருக்கும். இரண்டு பின்னேர வேலை. யாரும் என்னை முதலில் கூப்பிடவில்லை என்பது உண்மை. தாள்கள் வந்தபோது இது காணாது என்று நான் சொல்லவில்லை என்பதும் உண்மை.

ஒரு கிழமை கழித்து அந்த நிறுவனத்துக்குப் போனேன். பொறுப்பாக இருந்தவர் மரியாதையான மனிதர், கோப்பி எடுத்துத் தந்தார். நான் விளக்கி முடித்ததும் ஆங்கிலத்தில் கேட்டார்.

'அப்படியென்றால் வான் உதவியது என்கிறீர்களா?'

'இல்லை.'

'உதவவில்லை என்கிறீர்களா?'

'அதுவும் இல்லை.'

'பிறகு என்னதான் சொல்கிறீர்கள்?'

என் வாயில் வந்த சொல் தமிழில்தான் இருந்தது. அதை ஆங்கிலத்துக்கு மாற்ற எனக்கு நான்கு வாக்கியம் பிடித்தது. நான்கும் சரியாக விளங்கியதாக அவர் முகத்தில் தெரியவில்லை. பணம் வேறு திட்டத்துக்குப் போய்விட்டது, வானையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றார். நான் எழுதிக் கொண்டுபோன ஒரு பக்கத் திருத்தத்தை அறிக்கையின் பின்னால் இணைக்கச் சம்மதித்தார். இணைத்தார். பிறகு யாராவது அதுவரை புரட்டினார்களா, சொல்ல முடியாது.

அன்றிரவுதான் அம்மாவிடம் சொன்னேன், அந்த 'ஆரோ' நான் என்று. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, 'சுழிபுரத்தாவுக்கு நீ சொல்லு, நான் சொல்லமாட்டன்' என்றார்.

சனிக்கிழமை போனேன். அன்ரி யன்னலடியில்தான் இருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கலக்குவது, எண்ணுவது எல்லாம் அவருக்கு விளங்கியது. அவருடைய கணவரும் அப்பாவுடன் முந்நூற்றிநாலு அடித்தவர். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். 'என்ர தாளில எத்தினை புள்ளி இருந்தது மோனை?' பெயர்கள் இல்லாமல் இலக்கங்களோடுதான் எனக்குத் தாள்கள் வந்தன, எது யாருடையது என்று தெரியாது என்றேன். உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு புள்ளித் தாள் என் கண்ணுக்குள் வந்து போனது. அது வான் குழுத் தாள்.

இப்போது யாராவது புதிய ஆய்வோடு வந்தால், தரவைப் பார்க்குமுன் நான் கேட்பது இரண்டு கேள்விகள். எவ்வளவு வித்தியாசம் இருந்தால் உங்களுக்குக் காணும்? அதைக் காண இத்தனை பேர் காணுமா? சிலர் சலித்துக்கொள்வார்கள். ஒருவர் எழுந்தே போய்விட்டார். வேறுபாடு இல்லை என்று நான் எழுதுவதில்லை. காணவில்லை என்று எழுதி, எந்த அளவுள்ள வித்தியாசத்தை, எத்தனை வீத வாய்ப்புடன் தேடினோம் என்றும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். மாமாவைப் பற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிய கடிதத்திலும், அம்மா சொல்லச் சொல்ல, அதையேதான் ஆங்கிலத்தில் கேட்டு எழுதினேன். எத்தனை பேர் தேடினீர்கள்? எந்தெந்த இடத்துப் பதிவுகளைத் திறந்தீர்கள்? பதில் இன்னும் வரவில்லை.

சனிக்கிழமைகளில் அம்மாவையும் அன்ரியையும் காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன். சில நாள் கோயில், சில நாள் மரக்கறிக் கடை, பனி கொட்டினால் ஏதாவதொரு மோலில் ஒரு வாங்கு. இதனால் பயன் உண்டா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டாலும் என்னிடம் தரவு இல்லை. போன கிழமை அன்ரி காரில் ஏறி இருந்து, பட்டியை இழுத்துப் பூட்டிவிட்டு, பின் சீற்றைத் திரும்பிப் பார்த்தார்.

'இன்னும் ஒராளுக்கு இடமிருக்கே தம்பி. எங்கட மாடியில இருந்த அளவெட்டி மனிசியும் தனியத்தான் இருக்கிறா' என்றார்.

'வழியைச் சொல்லுங்கோ அன்ரி' என்றேன்.